இறுதி அறிவிப்பு, மூன்றாம் முறை

அயோவாவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே
சன்னலில்லாத கட்டடம் ஒன்றில்
உறை கிழிப்பது என் வேலை.
நாற்பத்தொரு பத்திரிகைகளின் சந்தா
இந்த ஒரே மேசைக்கு வருகிறது:
படகு, பின்னல், வேட்டை நாய்,
பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் புரட்டும்
சமையல் குறிப்புகள்.
காசோலை இடப்பக்கம்.
சீட்டு வலப்பக்கம்.
வேறெது இருந்தாலும் கீழே, நீலத் தொட்டியில்.

வேறெதுவும் நிறையவே வரும்.
மருந்துச் சீட்டு, வசை,
காலியான உறையை ஒட்டி அனுப்பும் கோபம்
(தபால் செலவு எங்களுடையது, அது அவர்களுக்குத் தெரியும்).

ஆரின் ட்வெய்ட்டை அப்படித்தான் எனக்குப் பழக்கம்.
மின்னசோட்டா. தேனீ வளர்ப்போர் மாத இதழ்.
அவர் சந்தா முடிவது அடுத்த ஆண்டு நவம்பரில்.
இந்த ஜனவரியிலேயே எழுதிவிட்டோம்,
சிவப்பு மையில்:
உங்கள் சந்தா முடியப்போகிறது.

பொய்யென்று சொல்ல முடியாது.
எதுதான் முடியப்போவதில்லை?

அவர் சீட்டில் நவம்பரை மூன்று முறை வட்டமிட்டு
திருப்பி அனுப்பினார்.
மார்ச்சில் இரண்டாவது நினைவூட்டல் போனது.
ஒரு கணக்கு வந்தது, பென்சிலில்:
"இன்னும் இருபது இதழ் பாக்கி.
சாப்பிட உட்காரும் முன்னே
ராத்திரிக்கு என்ன வேண்டும் என்கிறீர்கள்."

மே மாதம் இறுதி அறிவிப்பு.
ஜூலையில், மறுபடியும் இறுதி அறிவிப்பு.
அதற்குப் பதிலாகப் பஞ்சில் பொதிந்த
ஒரு செத்த தேனீ.
"கோடையில் இவளுக்கு ஆயுள் ஆறு வாரம்.
இவளே இவ்வளவு பறக்கவில்லை, அம்மணி."

அம்மணி என்று எப்படித் தெரிந்ததோ.
தேனீயை நீலத் தொட்டியில் போட மனம் வரவில்லை.
ஸ்டேப்ளர் பின் டப்பாவில் இருக்கிறது.

என் வேலைக்கும் சந்தா உண்டு.
மூன்று மாதம், பிறகு மூன்று மாதம்.
முடிகிற நாளன்று நான்கு மணிவரை
யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
நான் காபிக் கோப்பையைக் கழுவிப் பையில் வைப்பேன்,
எடுப்பேன்,
மறுபடி வைப்பேன்.
நான்கே காலுக்கு கிளெண்டா ஹூக்ஸ்ட்ரா
ஒரு தாளோடு வருவாள்: "அட, உன்னுடையதும் இன்றைக்கா?"

பத்து மாதம் முன்னால் யாராவது எனக்கு எழுதட்டும்.
சிவப்பில் எழுதட்டும்.
உன் நாட்கள் முடியப்போகின்றன,
இப்போதே நீட்டித்துக்கொள்,
குடை ஒன்று இலவசம் என்று.
நான் வட்டமெல்லாம் போடமாட்டேன்.

நினைவூட்டலை நிறுத்த ஒரு குறியீடு இருக்கிறது.
ஏழு, பிறகு என்டர்.
ஜூலையிலேயே அழுத்தியிருக்கலாம்.
அழுத்தினால் அவர் எழுதமாட்டார்;
அதனால் ஆகஸ்ட் அறிவிப்பும் போனது,
என் கை பார்த்துக்கொண்டிருக்க.

செப்டம்பர் முப்பது, மூன்றே முக்கால் மணிக்கு
ஏழை அழுத்தினேன்.
அடுத்து இந்த நாற்காலிக்கு வருகிறவளுக்கு
அந்தப் பென்சில் எழுத்து விளங்காது.

நான்கே காலுக்குத் தாள் வந்தது.
கோப்பையை எடுத்து வெளியே வைத்தேன்.

அக்டோபர் முழுக்கப் படகும் பின்னலும்தான்.
நவம்பரில் ஒரு சாதாரண உறை,
எங்கள் முகவரி கையால் எழுதி,
தபால்தலை அவரே காசு கொடுத்து வாங்கி ஒட்டியது.

"இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை.
உடம்புக்கு ஏதாவது?
இங்கே பெட்டிகளைச் சாக்கு சுற்றி மூடியாயிற்று.
பணம் இப்போது அனுப்புவதாக இல்லை."

காசோலை இல்லை. சீட்டும் இல்லை.
கிளெண்டா அந்தப் பக்கம் வரும்வரை
கையிலேயே வைத்திருந்தேன்.