ரன்

உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்து
காலை ஒன்பதரையிலிருந்து
ஒரே சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதலாளி கம்பெனியை ரன் பண்ணுகிறார்.
நடத்துகிறார் என்கிறேன்.
அவர்கள் ஓடவிடுவதையெல்லாம்
நாம் நடக்கத்தான் விடுகிறோம்.
கேபிள் ரன் என்றால் இழுத்தது,
நேரம் ரன் அவுட் என்றால் தீர்ந்தது.
மாஜிஸ்திரேட்டுக்கு ஜலதோஷம்,
அவர் மூக்கும் ரன்தான்.
நல்லவேளை, அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கூண்டில் அடைக்கலம்.
அறந்தாங்கி. துவாஸில் நான்கு வருடம்.
பம்ப் ஓடிக்கொண்டிருந்ததா?
"ஓடுச்சு."
அப்போது நீங்கள்?
"நானும் ஓடுனேன்."

ஐ ரன் என்று சொல்லிவிட்டு
வாயை மூடியிருக்கக் கூடாது நான்.
இறந்த காலத்தையும் விட்டுவிட்டேன், திசையையும்.
வக்கீலின் பேனா நிமிர்ந்தது:
தப்பித்தா?

அடைக்கலம் என்னைப் பார்த்தார், அவரை அல்ல.
"சுவிட்ச் இருந்த பக்கமாக்கா.
பரிதி உள்ளே இருந்தான்ல."

திருத்திச் சொன்னேன். பதிவானது.

மதியம் சைனாடவுனில்
தோசைக்கு வரிசையில் நிற்கிறேன்.
நாற்பது பேர் பச்சை விளக்குக்கு ஓடுகிறார்கள்.

சுவிட்சுக்கு எத்தனை மீட்டர் என்று
யாரும் கேட்கவில்லை.
முப்பத்திரண்டு.
கோப்பில் இருக்கிறது.