வாளிச் சோதனை

இரண்டாம் படியில்
வீட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள் வாளியை வைத்து
நீர் நிரப்பி, குளத்தின் மட்டத்துக்கே
மகளின் நகப்பூச்சால்
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு போட்டேன்.
வாளியில் குறைவது வெயில் குடித்தது.
குளத்தில் அதற்கும் மேல் குறைந்தால்
மண் குடித்தது.
சோதனை அவ்வளவுதான்.

பழங்காநத்தம் நீச்சல் குளத்துக்கு
வயது நாற்பத்தொன்று.
பன்னிரண்டடிப் பக்கம் ஓடுகள் பெயர்ந்து
சிமெண்ட் பல் தெரிகிறது.
தாவுபலகை இருந்த இடத்தில்
துருவேறிய நான்கு போல்ட், ஒரு காக்கை,
அதற்கு அப்பால் பரங்குன்றம்.
பம்ப் ஆபரேட்டர் சோணைமுத்து சொன்னார்:
"ராத்திரி பூராம் நெரப்புறேன் மேடம்.
விடிஞ்சா அங்கிட்டு எங்கிட்டோ போயிருது."

மறுநாள் அதே நேரம்.
வாளியில் கால் அங்குலம்.
குளத்தில் இரண்டு.
கழித்துப் பெருக்கினேன்:
நாளொன்றுக்குப் பதினாலாயிரம் லிட்டர்,
ஒரு லாரிக்கும் மேலே,
எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாமல்
வெளியே போகிறது.

புதன் மாலை கருத்துக்கேட்பு.
முப்பது நாற்காலி, ஐம்பது பேர்.
சுவரில் ஒட்டிய வரைபடத்தை
மின்விசிறி தூக்கித் தூக்கிப் பார்த்தது.
புதுக் குளம் நாலடி ஆழம், ஃபைபர் பூச்சு,
பத்து வருட உத்தரவாதம்,
சொட்டுக்கூடக் கசியாது என்றேன்.
கோச் குபேந்திரன் எழுந்தார்:
"நாலடியில டைவ் அடிச்சா
மண்டைதான் மிஞ்சும், பாத்துக்கங்க."
பெண்களுக்கு ஒரு மணி நேரம் போதாது,
சுவர் இன்னும் இரண்டடி உயரணும்,
எதிர் மாடியில் நின்று பார்க்கிறான்கள் என்றார்
ஜைத்தூன் டீச்சர்.
ஒரு பையன் சறுக்கு கேட்டான்.
என்ன நிறம் என்றேன்.
கூட்டம் முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டபோது
கடைசி வரிசையிலிருந்து ஒரு கை.
பின்சந்து ராக்கம்மாள்.
இட்லி மாவு அரைத்து விற்கிறவள்,
தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறங்காதவள்.
"புதுசு ஒழுகாதுங்கிறீகளே, நெசமாவா?"
நெசந்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
"அப்ப எங்க அடிகுழா?"

யாரோ சிரித்தார்கள்.
நானும்தான்.

"மாநகராட்சித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்க.
ஆனா சித்திரையிலயும் எங்க அடிகுழா வத்துனதில்ல.
சாமி குடுக்குதுன்னு இருந்தோம்.
போன வருசம் பெயிண்ட் அடிக்க
குளத்த ஒரு மாசம் காலியாப் போட்டாக.
பதினோராம் நாள் குழா இருமுச்சு.
அன்னைக்குத்தான் தெரிஞ்சது,
குடுத்தது யாருன்னு."

மறுநாள் சந்துக்குப் போனேன்.
பதினேழு வீடு. ஒரு முருங்கை,
காய்ப்புத் தாங்காமல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
மூன்றாவது அடியில் தண்ணீர் வந்தது.
கையில் ஏந்தி முகர்ந்தேன்.
"குடிக்க இல்ல மேடம், பொழங்கத்தான்" என்றாள்
நான் எதுவும் கேட்கும் முன்பே.

திட்ட மதிப்பீட்டுப் படிவத்தில்
ஒன்பதாம் பத்தி: அனுமதிக்கத்தக்க இழப்பு.
இல்லை என்று எழுதுவதுதான் வழக்கம்.
இல்லை என்றே எழுதினேன்.
பிறகு கடைசிப் பக்கத்தில்
உறைகிணறு இரண்டு சேர்த்தேன்,
கூரை மழைக்கு ஒன்று,
வடிகட்டி கழுவிய நீர் தெளிந்து இறங்க ஒன்று,
இரண்டும் பின்சந்தை ஒட்டி.
பதினாலாயிரம் வராது.
மழை பெய்தால் பாதி வரலாம்,
பெய்யாவிட்டால் அதுவும் இல்லை.

கோப்பு திரும்பி வந்தது.
உறைகிணறுகளைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம்,
ஓரத்தில் செயற்பொறியாளரின் கேள்வி:
"இது நீச்சல் குளமா, ஊருணியா?"
மூன்று நாளாய் மேசையில் கிடக்கிறது.
என்ன எழுதினாலும்
ஒரு பக்கம் ஒழுகுகிறது.

இன்று காலை சோணைமுத்து அழைத்தார்:
"மேடம், ஒங்க வாளி இங்கனயே கெடக்கு.
மாவுக்காரம்மா கேக்குது, குடுத்துரவா?"

என் வீட்டு வாளி.
எந்த இருப்புக் கணக்கிலும் இல்லாதது.
யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை.

குடுத்துருங்க என்றேன்.