துண்டு நாள்

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
இரவு ஏழரைக்கு எங்களுக்கு குட்மார்னிங்.
பதினாறு நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர்,
சுவரில் ஐம்பது மாநிலப் படம்.
பல்லி ஒன்று டெக்சாஸிலேயே குடியிருக்கிறது,
வரி இல்லாத இடம் பார்த்து.

இன்றைக்கு என் கோப்பு லூயிஸ் பெரால்டா.
லிஃப்ட் கம்பெனியில் வரைபடக்காரர்.
தூக்கம் நியூஜெர்சியில், சம்பளம் நியூயார்க்கில்.
நடுவே ஓர் ஆறு.
அதன் அடியில் ரயில் போகும், நாலு நிமிஷம்
என்று எழுதியிருக்கிறார்,
யாரும் கேட்காமலே.

சம்பாதித்த மாநிலம் முதலில் கை நீட்டும்.
குடியிருக்கும் மாநிலம் ரசீதைக் கேட்கும்,
பார்த்துவிட்டுக் கழிக்கும்,
முழுசாக இல்லை.
பக்கத்து சீட் சிகப்பிக்கு இது விளங்கவே இல்லை.
"எங்கள்ல கல்யாணமானா ஒரு புள்ளி.
ரங்கூன்ல சம்பாதிச்சாலும் ராயவரத்துல சம்பாதிச்சாலும்
புள்ளி வரி ஒரே கோயிலுக்குத்தான்.
இவங்களுக்கு எதுக்கு ரெண்டு சாமி?"

பெரால்டா வீட்டிலிருந்து வேலை செய்தது அறுபத்தொரு நாள்.
காரணம்: மனைவிக்கு வீட்டிலேயே டயாலிசிஸ்.
அறுபத்தொன்றையும் நியூஜெர்சிப் பக்கம் தள்ளினேன்.
ரிவ்யூவில் சிவப்பாகத் திரும்பி வந்தது.
கம்பெனியின் தேவைக்கு வீட்டில் இருந்தால்தான்
அது வீட்டு நாள்.
ஊழியரின் வசதிக்கு என்றால்
நியூயார்க் நாள்.

வசதி.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
பர்மாத் தேக்கில் தூண் உண்டு,
இரண்டு தெருவுக்கு வாசல் உண்டு.
"வசதியான இடம்" என்றுதான் பெண் கேட்டு வருவார்கள்.
பெரால்டாவின் வசதி
அடுத்த அறையில் ரத்தத்தைக் கழுவுகிற மெஷின்.
அது கத்தினால் எழுந்து ஓட
கதவோரம் போட்ட ஒரு நாற்காலி.

மாற்றினேன். அறுபத்தொன்றும் ஆற்றைக் கடந்தன.

என் வீட்டுக்காரர் அடைக்கலராஜுக்கும் இதே கதைதான், ஆறுதான் இல்லை.
ஓசூரில் வாடகை, பெங்களூரில் வேலை,
நடுவே அத்திப்பள்ளி டோல்கேட்.
கன்னட தேசம் மாதம் இருநூறு ரூபாய்
தொழில் வரி பிடிக்கிறது.
என்னிடம் காரைக்குடி மாநகராட்சி
அரையாண்டுக்கு ஒரு தரம் பிடிக்கிறது.
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வசூலிக்க
ஒரு அலுவலகம் இன்னும் திறக்கவில்லை.

போன வருஷம் பத்தொன்பது தடவை வந்தார்.
பத்தொன்பதா என்று சண்டை போட்டிருக்கிறேன்,
பேருந்து நிலையத்தில், டீ ஆறிப்போகும் வரை.

பெரால்டாவுக்குத் தேவைப்படாத விதி ஒன்று
எனக்கு மனப்பாடம்:
குடியிருப்பை எண்ணும்போது
நாளின் துண்டும் முழு நாள்.
சனி விடியலில் வந்து இறங்குவார். ஒன்று.
ஞாயிறு கோழிக்குழம்பு. இரண்டு.
நள்ளிரவு பன்னிரண்டு பத்துக்குத்தான் பஸ்.
அந்தப் பத்து நிமிஷம், ஒரு கையில் பை,
ஒரு கையில் என் துப்பட்டா நுனி,
அது திங்கட்கிழமை. மூன்று.

ஐம்பத்தேழு.
டீ இடைவேளையில் காலண்டர் பின்பக்கத்தில்
கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தேழுதான்.
வீட்டில் வசிப்பவர் என்று சட்டம் ஒத்துக்கொள்ள
இன்னும் நூற்றிருபத்தேழு.

மணி நாலு. பெரால்டா கோப்பை மூட வேண்டும்.
நியூஜெர்சி படிவத்தில் ஒரு கட்டம்
மருத்துவச் செலவுக்கு.
வருமானத்தில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால்
மிச்சத்தைக் கழிக்கலாம்.
காலியாக விட்டிருக்கிறார்.
ஆற்றைப் பற்றி எழுதியவர்
இதை எழுதவில்லை.

சந்தேகங்கள் என்ற பெட்டியில் தட்டினேன்:
டயாலிசிஸ் ரசீதுகள் இருந்தால் அனுப்பவும்.
எத்தனை சின்னத் தொகையானாலும்.
சிகப்பி எட்டிப் பார்த்தாள்.
"அது நம்ம வேலையில்லையே."

கீழே மருந்துக்கடை ஷட்டரில்
பால் வண்டிக்காரர் சைக்கிளைச் சாய்க்கிற சத்தம்.
பெட்டியில் இன்னும் பதில் இல்லை.
அங்கே சாயங்காலம்தான்.
மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.