முதல் வரிசை

காயானி நகரத்தில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
எனக்கு அது வசதி.
திரையில் வெயில் அடிக்காது.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு ஆட்டங்கள்.
பழைய பொருள் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கியவை,
நாடா சுருண்ட கேசட்டுகள்,
விவாகரத்தான ஓர் ஆள்
பெட்டியோடு வாசலில் இறக்கிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனவை.
எல்லாவற்றையும் நகலெடுத்து
சோப்புப் பெட்டி அளவுக் கணினி ஒன்றில் குடியேற்றினேன்.

முகப்பு மென்பொருள் தானாகவே அட்டைப்படம் தேடி வரும்.
கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் போதும்,
கால்பந்து ஆட்டத்துக்குக் கோழிப்பண்ணையைக் கட்டிவைத்துவிடும்.
அப்படி நடந்த பொருந்தாக் கல்யாணங்களை
ஒவ்வொன்றாக ரத்து செய்தேன், டிசம்பர் முழுக்க.

வகை பிரித்தேன்.
ஓடுவது, சுடுவது, யோசிப்பது.
ஓடிக்கொண்டே சுடுவதை எங்கே வைக்க?
இரண்டு நாள் போயிற்று.

ஜப்பான் பதிப்பையும் ஐரோப்பியப் பதிப்பையும்
அருகருகே ஓடவிட்டபோதுதான் தெரிந்தது:
எங்களுக்கு விற்றது ஆறில் ஒரு பங்கு மெதுவானது.
என் பால்யம் முழுக்க
வேகம் குறைத்தே ஓடியிருக்கிறது.
நாற்பத்தொன்பது வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ராய்லியிடம் சொன்னேன்.
நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள்,
இரண்டரைக்கு அலாரம் வைத்துக்கொண்டே கேட்டாள்.
சுழலும் பட்டியலைக் காட்டினேன்,
ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னாலும் விரியும்
பதினைந்து நொடிக் காட்சியைக் காட்டினேன்.
"அழகா இருக்கு. எதை ஆடப்போற?"
"இன்னும் முடியலை."

ஜனவரியில் புதிய பதிப்பு வந்தது.
அதில் ஒரு புதிய கட்டம்: ஆடிய நேரம்.
இறங்கிக்கொண்டே போனேன்.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
அட்டையில் அடுக்கிய முட்டைகள் மாதிரி
உடையாமல் கிடந்தன என் ஆட்டங்கள்.

திரும்ப மேலே வந்தேன்.
முதல் வரிசையில்
அறுபத்து மூன்று மணி இருபது நிமிடம்.

பெயர்கூட இல்லாத ஒன்று அது.
ஒரு கீழ்க்கோடு, இரண்டு சைபர், வாத்து, ஏதோ ஒரு எண்.
அட்டைப்படத்தின் இடத்தில் சாம்பல் கட்டம்.
நீக்க வேண்டியவை பட்டியலில் நானே குறித்து வைத்தது.
கடைசியாக ஆடியது: இன்று காலை ஆறு பன்னிரண்டு.
அப்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"பட்டனை அமுக்கினா அதுதானே வருது" என்றாள்.
"மீதி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதிமூணு?"
"கீழே போனா இருக்குமா?"

பூட்ஸைக் கழற்றி ரேடியேட்டர் மேல் கவிழ்த்தாள்.
"ராத்திரி பூரா தள்ளுற பனி
நான் திரும்புறதுக்குள்ள மறுபடி விழுந்திருது.
இந்த வாத்து முட்டையைக் கரையில வெச்சா
வெச்ச இடத்துல இருக்கு."

அன்றிரவு தேடி அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்தேன்.
லாஹ்தியில் பல் மருத்துவம் படித்த ஒருவன்
பரீட்சைக்குப் படிக்காமல் எழுதியது.
பெயரைத் திருத்தினால் படம் வரும், ஆண்டு வரும்,
வகை: யோசிப்பது.
அகரவரிசைப்படி
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

விரல் பட்டன் மேல் இருந்தது.
மூன்று மணிக்கு அவளுடைய லாரி தெருவைக் கடந்தபோது
மஞ்சள் விளக்கு கூரையில் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.

ரத்து.

பிறகு, தூக்கம் வராமல், அதைத் திறந்தேன்.
இரண்டாவது குளத்தில்
ஒரு மீன் என்னை விழுங்கிவிட்டது.
மறுபடியும். மறுபடியும்.
ஸ்கோர் பலகையில் பத்து வரி,
பத்திலும் அவள் பெயரின் முதல் மூன்று எழுத்து.
பதினோராம் வரியை அந்தப் பல் மருத்துவன் எழுதவில்லை.

ஆடிய நேரம்:
அறுபத்து மூன்று மணி இருபத்தாறு நிமிடம்.
அதில் ஆறு என்னுடையது.