கலம் நான்கு: தொடங்கிய நாள்

மாலை ஐந்துக்குள் ஏற்றியாக வேண்டும்,
தர்மபுரியிலிருந்து மூன்று முறை போன்.

கலம் ஒன்று, பள்ளியின் பெயர்:
அரசு மேல்நிலைப் பள்ளி, எருமைக்காரன் கொட்டாய்.
கலம் இரண்டு, வகுப்பறைகள்: பதினான்கு.
பதினைந்தாவதும் உண்டு, கூரைதான் இல்லை;
ஒன்பதாம் வகுப்பு 'ஈ' பிரிவு அங்கே.
கலம் மூன்று, பயிற்றுமொழி: தமிழ்.
வீட்டில் தெலுங்கு, மைதானத்தில் கன்னடம்,
அடிபட்டால் மூன்றும்.

நான்கில் நின்றுவிட்டேன்.

வாசல் கல்வெட்டு 1959 என்கிறது, மந்திரி பெயரோடு.
பழைய வருகைப் பதிவேடு 1956 என்கிறது.
மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு.
மொரப்பூர் லைனிலிருந்து எப்படி வந்ததோ, யாரும் கேட்கவில்லை.
அதில் பொறித்திருப்பது 1905.

சேர்க்கைப் பதிவேட்டை இறக்கினேன்,
கரையான் தின்றது போக மீதியை.
ஓராசிரியர் பள்ளியின் முதல் பக்கம். நாற்பத்தொரு பேர்.
கெம்பன், சின்னபாப்பா, அப்துல் வகாப்,
தீர்த்தகிரி, மாதன், இன்னொரு மாதன்.
நாற்பத்தொரு பேரும்
ஜூன் மூன்றாம் தேதி பிறந்தவர்கள்.

ஞானசிகாமணி சார் கையெழுத்து, சாயாத நீல மை.
கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஆறு வயது.
எப்போ பிறந்தான்?
பெரிய மழைக்கு அடுத்த ராகி அறுப்பில்.
அரசாங்கம் ராகி அறுப்பை ஒப்புக்கொள்ளாது.

ஓரத்தில் கடைசிக் கலம், நீங்கிய காரணம்.
புளி உலுக்க. புளி உலுக்க. கல்யாணம்.
பெங்களூர். கல் குவாரி.
கல்யாணம், பக்கத்தில் 13 என்று எழுதி அடித்திருக்கிறது.
புளி உலுக்க.
என் திரையில் அதற்கு இடமில்லை.
தேர்ச்சி விழுக்காட்டுக்கு இருக்கிறது:
எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

நாலேகாலுக்கு ஜன்னலருகே ஒரு பெண்.
ருக்குமணி, ஒன்பதாவதோடு நின்றவர்,
சத்துணவு வேலைக்கு டி.சி. வேண்டுமாம்.
பிறந்த தேதி கேட்டேன்.
"இஸ்கூல்ல என்ன போட்டிருக்கோ அதான்"
என்றார், கொஞ்சம் அதட்டலாக.
ஜூன் மூன்று.
சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்தும்
யாரோ அதே நாளில் பெற்றெடுத்திருக்கிறார்கள்.

நாலு ஐம்பத்திரண்டு. சர்வர் சுற்றுகிறது.
நாள்: 3. மாதம்: 6.
வருடத்துக்கு 1956, கல்வெட்டு மன்னிக்கட்டும்.
'பதிவு வெற்றி' என்றது பச்சை எழுத்து.
வெளியே மாதையன் தண்டவாளத்தை அடித்தார்.

முத்திரை மை காய்ந்திருந்தது.
தண்ணீர் தொட்டு அழுத்தியதில்
'எருமைக்காரன்' மட்டும் விழுந்தது.
ருக்குமணி தாளை வாங்கி,
நீங்கிய காரணம் என்ற வரியைக்
கட்டைவிரலால் மூடிக்கொண்டு
மற்றதையெல்லாம் மெதுவாகப் படித்தார்.