திரும்பும் கம்பி

கோட்டையூரில் நெல்லிக்காய்ப் பையை வாங்க
இடது கண்ணாடியைப் பாதி இறக்கினேன்.
பள்ளத்தூரில் அதே கதவைத் திறந்து
சரிந்த மூட்டையை நிமிர்த்தி அறைந்து சாத்தினேன்.
அதற்கப்புறம் ஏறவில்லை.

பின் சீட்டிலும் டிக்கியிலும்
கானாடுகாத்தான் ஓட்டலுக்குப் போகிற
நாற்பத்துநான்கு வெள்ளை விரிப்புகள்,
இஸ்திரிச் சூடு ஆறாதவை.
எதிரே வரும் ஒவ்வொரு லாரியும்
ஒரு கைப்பிடி செம்மண்ணை உள்ளே போட்டுவிட்டுப் போனது.
திருமயம் பக்கம் வானம் கறுத்திருந்தது.

தைலமரக் காட்டோரம் நிறுத்தி
சேவுகமூர்த்திக்குப் போன் போட்டேன்.
"வலது கண்ணாடி ஏறுதாக்கா?"
ஏறுது.
"அப்ப ஃபியூஸ் நல்லாருக்கு, நோண்டாதீங்க.
உங்க பக்கத்து சுவிட்சுல இடது?"
செத்துக் கிடக்கு.
"இடது கதவுலயே ஒண்ணு இருக்குமே.
போனைக் கதவோட ஒட்டி வச்சு அமுக்குங்க."

வைத்தேன், சளி கட்டிய பிள்ளையின் நெஞ்சில்
டாக்டர் குழாய் வைப்பதுபோல.
கீழே அமுக்க, ஒரு முனகல்;
கண்ணாடி இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தது.
மேலே அமுக்க
தைலமரத்துக் காற்று மட்டும்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லை.
நாலாயிரம் கேட்டான்னீங்களே, குடுத்துறாதீங்க.
ரெண்டே கம்பிதான்க்கா.
இறங்க, ஒண்ணுல போயி ஒண்ணுல திரும்பும்.
ஏற, அது மாறும்.
போற வழி இருக்கு,
திரும்புற வழிதான் அறுந்திருக்கு."
அவன் பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர்களையும் திட்டினான்.

கதவுக் கீலருகே கறுப்பு ரப்பர் குழாய்,
மண்புழுபோல மடிப்பு மடிப்பாக.
பத்து வருடம், நாளுக்கு முப்பது தடவை
திறந்து சாத்தினால்... கணக்கைப் பாதியில் விட்டேன்.
மேல்தோல் முழுசாகத்தான் இருக்குமாம்,
உள்ளே செம்புதான் இற்றிருக்கும்.

குந்தி உட்கார்ந்து
ஒரு கையால் குழாயை மடக்கி நெரித்து
மறு கையால் அமுக்கினேன்.
நான்கு விரல் ஏறி நின்றது.
பிடியைக் கொஞ்சம் திருகினேன்; இன்னும் கொஞ்சம்.
முதல் தூறல் பிடரியில் விழுந்தபோது
கண்ணாடி மேல்விளிம்பைத் தொட்டது.
"இனி அதைத் தொடாதீங்க. திங்கக்கிழமை வாங்க."
தொட்டுவிடக் கூடாதென்று
காயத்துக்கு வைத்திருந்த பிளாஸ்திரியை
சுவிட்சின்மேல் ஒட்டினேன்.

செட்டிநாடு ரயில்வே கேட் மூடியிருந்தது.
கை தானாக அங்கே போனது, பிளாஸ்திரி தடுத்தது.

ஓட்டல் வாசலில் மேனேஜர் குடையோடு வந்து
இடது கண்ணாடியைத் தட்டினார்.
வாய் அசைந்தது; மழையில் ஒன்றும் கேட்கவில்லை.
மேல் விரிப்பின் ஓரத்துச் செம்மண்ணைத்தான் கேட்கிறாரோ என்னவோ.
இறக்க முடியாது என்று கையால் சொன்னேன்.
அவர் கதவைத் திறந்தார்.

ரப்பருக்குள்
இன்னொரு தடவை மடிந்திருக்கும்.