எத்தனையாவது ஆள்

பெர்காமோவிலிருந்து குரல்பதிவு வந்தபோது
இங்கே பின்னிரவு மூன்று மணி.
ஆங்கிலம் அவருக்கும் இரவல், எனக்கும் இரவல்.
"குப்புறப் போடுங்கள்.
எவ்வளவு நேரம் தாங்குகிறாரோ அவ்வளவு நேரம்.
குழாய் செருக அவசரப்படாதீர்கள்.
நாங்கள் அவசரப்பட்டோம்."
அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்
திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன்.

மண்டபத்தில் பள்ளிக்கூடத்தை வார்டாக்கியிருந்தோம்.
கரும்பலகைக்குக் கீழே ஏழாம் கட்டில்,
வேதாளைக் களஞ்சியம்.
சங்கு குளிக்கிறவர்.
எட்டுப் பாகம் இறங்கி
மூச்சை மடியில் முடிந்துகொண்டு ஏறுகிறவருக்கு
விரல்நுனிக் கருவி எண்பத்து நாலு காட்டியது.

குழந்தை குப்புற விழுந்தால்
பணியாரம் சுட்டுத் தெருவுக்கே கொடுப்போம்.
ஐம்பத்தொரு வயது ஆளைக் குப்புறப் போட
நாலு பேர்,
கவச உடுப்புக்குள் வேர்வையில் மிதந்தபடி.
தலையணை ஒன்றுதான் இருந்தது.
மார்புக்கடியில் அவருடைய கைலியையே
சுருட்டிச் செருகினாள் நர்ஸ் ரீகன்மேரி.

எண்பத்தாறு.
எண்பத்தொன்பது.
மெத்தைக்குள்ளிருந்து கேட்டார்:
"இந்த வித்தைய யாரு சொன்னது?"
இத்தாலியில் ஒரு டாக்டர் என்றேன்.
"அங்க மொதல்ல கவுத்துப் போட்ட ஆளு
பொழச்சானா?"

நான் அதைக் கேட்டிருக்கவில்லை.
மருந்தின் அளவு கேட்டிருந்தேன்,
ஸ்டீராய்டு என்றைக்குத் தொடங்குவது,
ரத்தம் உறைவதை எப்படிக் கண்டுபிடிப்பது,
எல்லாம் கேட்டிருந்தேன்.

எழுதி அனுப்பினேன்.
இரண்டு நாள் பதில் இல்லை.
கச்சான் காற்று ஜன்னல் வழியே
கட்டில்களின் மேல் மணலைத் தூவிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வந்தது:
"இல்லை. இரண்டாமவரும் இல்லை.
நாலாமவர் நடந்து வீட்டுக்குப் போனார்.
இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை."

மறைக்க நினைத்தேன். வாய் சொல்லிவிட்டது.
களஞ்சியம் கொஞ்ச நேரம்
தன் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தார்.
"அப்ப நான் எத்தனையாவது ஆளு?"

கரும்பலகையில் தொண்ணூற்றொன்று என்று எழுதினேன்.

அன்றிரவு பெரு நாட்டுக் கரையூர் ஒன்றிலிருந்து
யாரிடமோ என் எண்ணை வாங்கி ஒரு டாக்டர் கேட்டார்:
தலையணை தீர்ந்துவிட்டது,
நீங்கள் என்ன வைக்கிறீர்கள்?

கைலி என்று எழுதினேன். அழித்தேன்.
அதை விளக்கத் தெரியவில்லை.
ஏழாம் கட்டிலிடம் சம்மதம் கேட்டுப் படமெடுத்தேன்.
முகம் இல்லை. வெயில் குடித்த அகன்ற முதுகு,
அடியில் நீலக்கட்டம் போட்ட துணிச்சுருள்.

அவர் கேட்காததையும் சேர்த்து அனுப்பினேன்:
ஐந்தாம் நாள்.
இவர் இருக்கிறார்.